காக்கிற ஓமோன் எப்ப மருந்தாகும்? நாடி நோயின் நாற்பது ஆண்டுக் கதை

பாடசாலைப் புத்தகம் எங்களுக்குக் காட்டின இதயம் ஒரு பம்பி. அதிலிருந்து வெளிக்கிடுகிற நாடிகள் குழாய்கள். இதயத்துக்கே குருதி கொண்டுபோகிற குழாயில் அடைப்பு வந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகிறதில் வந்தால் பக்கவாதம், காலுக்குப் போகிறதில் வந்தால் கொஞ்சத் தூரம் நடக்கவே கெண்டைக்கால் உளைவு. பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எண்ட சொற்கள் புழங்காத வீடு எங்கட ஊர்களில் குறைவு எண்டபடியால் இந்தப் படம் எல்லாருக்கும் பழக்கமானதுதான்.

ஆனால் இது பாதிக் கதை. இதயமும் நாடிச் சுவரும் சும்மா தள்ளுகிற, கடத்துகிற பொருட்கள் இல்லை. தங்களுக்கு நெருக்கடி வரும்போது உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு இரசாயனத் தூது அனுப்புகிற உறுப்புகள் அவை. அந்தத் தூதுகளில் ஒரு வகை பெப்தைட்டு ஓமோன்கள். அமினோவமிலங்களை மணிபோலக் கோர்த்த சின்னச் சங்கிலிகள் எண்டு வைத்துக்கொள்ளலாம். இவற்றில் சில குருதிக்குழாயைத் தளர்த்தும், சில சுவரில் அழற்சியைத் தணிக்கும், சில உப்பையும் நீரையும் வெளியேற்றிப் பாரத்தைக் குறைக்கும்.

அப்ப அந்தக் காவல் ஓமோனையே செய்து ஊசியாக ஏற்றினால் நோய் குறையாதோ? 1980களில் இருந்து ஆய்வுகூடங்களை இழுத்துக்கொண்டு போன கேள்வி இது. பதில் சில இடங்களில் 'ஓம்' எண்டு வந்தது, சில இடங்களில் 'இல்லை' எண்டு வந்தது. நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். எந்த மருந்தை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது எண்டு சொல்ல வரவில்லை. அந்த 'ஓம்' எப்படி வந்தது, அந்த 'இல்லை' எப்படி வந்தது எண்டு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இதயமும் சுரக்கும்

1956இல் தொடர்பில்லாத இரண்டு சங்கதிகள் நடந்தன. புரூனோ கிஷ் என்பவர் கினிப்பன்றியின் இதயத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். இதயத்தின் மேலறைகளான சோணைகளின் கலங்களுக்குள் கருமையான சின்னச் சின்ன மணிகள் தெரிந்தன. ஓமோன் சுரக்கிற சுரப்பிகளின் கலங்களில் இருக்கிற மணிகளைப் போலவே இருந்தன அவை. அதே ஆண்டு வேறொரு குழு, நாயின் இடது சோணைக்குள் சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்த்தது. சோணை விரிய விரியச் சிறுநீர் கூடியது.

இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கக் கால் நூற்றாண்டு எடுத்தது. ஆர்ஜென்ரீனாவில் பிறந்து, கனடாவின் கிங்ஸ்டன் நகரில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த அடோல்ஃபோ டி போல்ட் அந்த மணிகளை விடாமல் பின்தொடர்ந்தார். 1981இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட பரிசோதனை மிகவும் எளிமையானது. எலியின் சோணைத் தசையை அரைத்து வடித்த சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார்கள். சில நிமிடங்களுக்குள் சிறுநீரும் அதோடு வெளியேறிய சோடியமும் பல மடங்கு கூடின, குருதியமுக்கம் இறங்கியது. இதயத்தின் கீழறைத் தசையிலிருந்து எடுத்த சாற்றுக்கு அந்த வேலை தெரியவில்லை.

அப்படியெண்டால், குருதியின் கனவளவு கூடிச் சோணை இழுபடும்போது இதயமே ஒரு ஓமோனை வெளியில் விட்டு, 'உப்பையும் தண்ணியையும் கழி' எண்டு சிறுநீரகத்துக்குச் சொல்லுகிறது. 28 அமினோவமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலிக்கு ஏ.என்.பி. எண்டு பெயர் வந்தது. பம்பி எண்டு நினைத்தது ஒரு சுரப்பியாகவும் இருந்தது.

நாடிச் சுவருக்குள் நடக்கிற இழுபறி

அதே காலத்தில் குழாய் எண்ட படமும் உடையத் தொடங்கியது. 1980இல் அமெரிக்காவில் ரொபேர்ட் ஃபேர்ச்கொட், முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஒரு விசயத்தைக் காட்டினார். நாடியின் உட்பக்கம் ஒரேயொரு கலத் தடிப்பில் ஒரு படலம் இருக்கிறது. அந்தப் படலம் சேதமில்லாமல் இருந்தால், அசற்றைல்கோலின் எண்ட பொருள் பட்டதும் நாடி தளரும். படலத்தை உரசி எடுத்துவிட்டால் தளராது. அதாவது தளரச் சொல்லுகிற கட்டளை அந்த மெல்லிய படலத்திலிருந்துதான் வருகிறது. இந்த வழியில் வந்த கண்டுபிடிப்புகளுக்காக அவருக்கு 1998இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1988இல் யப்பானில் மசாஷி யனகிசாவாவின் குழு அதே படலத்திலிருந்து நேர் எதிரான ஒன்றைப் பிடித்தது: என்டோதீலின். 21 அமினோவமிலங்கள் கொண்ட இந்தப் பெப்தைட்டு நாடியை மிகக் கடுமையாக இறுக்கும். இறுக்குகிறதும் தளர்த்துகிறதும் ஒரே சுவரில் குடியிருக்கின்றன. ஒன்று ஓங்கினால் நோய், இரண்டும் சமமாக இருந்தால் சுகம்.

தளர்த்துகிற பக்கத்தைத் தேடினவர்களில் யப்பானின் மியசாகி நகரத்து ஆக்களைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத ஏலாது. ஹிசாயுகி மட்சுவோவும் கென்ஜி கங்காவாவும் 1988இல் பன்றி மூளையிலிருந்து ஏ.என்.பி.யின் உறவுப் பெப்தைட்டு ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் கிடைத்தபடியால் மூளையின் பெயர் ஒட்டிக்கொண்டு பி.என்.பி. ஆனது. பிறகு பார்த்தால் அதை அதிகமாகச் செய்வது இதயத்தின் கீழறைகள்! 1990இல் மூன்றாவது உறவான சி.என்.பி. வந்தது. அதுவும் முதலில் மூளையில்தான் கிடைத்தது. சில ஆண்டுகளில் நாடியின் உட்படலமும் அதைச் செய்கிறது எண்டு தெரிந்தது. 1993இல் கசுவோ கிட்டமுராவும் கங்காவாவும் அதிரினல் சுரப்பியில் வந்த ஒரு கட்டியிலிருந்து 52 அமினோவமிலங்கள் கொண்ட அதிரினோமெடுலினைப் பிரித்தார்கள். அது நாடியை நெடுநேரம் தளர்த்தி வைத்தது.

இவை உண்மையில் காவல் வேலைதான் செய்கின்றனவா? விலங்குச் சோதனைகள் 'ஓம்' எண்டன. காயப்பட்ட நாடியின் சுவர் உள்பக்கமாகத் தடித்து வளர்வதைச் சி.என்.பி. குறைத்தது. அதிரினோமெடுலின் மரபணு அறவே இல்லாத எலிக்குஞ்சுகள் கருவிலேயே இறந்தன, அவற்றின் குருதிக்குழாய்கள் சரியாக அமையவில்லை.

ஆனால் நோயாளிகளின் குருதியைப் பார்த்தபோது ஒரு புதிர் இருந்தது. இதய நோயும் நாடி நோயும் முற்ற முற்ற இந்த ஓமோன்கள் குறையவில்லை, கூடின. நல்லது செய்கிற பொருள் வருத்தக்காரரில் ஏன் கூட இருக்குது? மாரியில் குளக்கட்டு உடையப் போகிறதெண்டால் ஊர்ச் சனம் மண்மூட்டையோடு ஓடிவரும். சனம் கூடினதால் கட்டு உடையுது எண்டு யாரும் சொல்லமாட்டம். ஓமோன் கூடுவதும் அப்படித்தான், உடம்பு தன் கட்டைக் காக்க ஆள் அனுப்புகிறது. அப்ப இன்னும் நூறு பேரை வெளியில் இருந்து அனுப்பினால் கட்டு நிற்குமா? அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

மூன்று மணித்தியாலத்துச் சாட்சி

இதய நாடிகளில் அடைப்பு வந்து தசை செத்துப்போன பலருக்குக் கடைசியில் வருவது இதயச் செயலிழப்பு. மூச்சு இழுக்கும், கால் வீங்கும், நுரையீரலில் நீர் தேங்கும். பி.என்.பி.யை ஆய்வுகூடத்தில் செய்து இவர்களுக்கு ஏற்றலாம் எண்டு அமெரிக்காவில் ஒரு மருந்து வந்தது. பெயர் நெசிரிட்டைட். 2001இல் அனுமதி கிடைத்தது. அனுமதிக்கு உதவிய முக்கியமான ஆய்வில் 489 நோயாளிகள் இருந்தார்கள். அங்கே முதன்மையாக அளந்தவை இரண்டு: ஏற்றி மூன்று மணித்தியாலத்தில் நுரையீரல் பக்கத்து அமுக்கம் எவ்வளவு இறங்கியது, மூச்சு எவ்வளவு இலகுவானது.

இரண்டும் நல்லாயிருந்தன. அமுக்கம் இறங்கியது உண்மை. இயற்கையான ஓமோன், இதயமே செய்கிற பொருள் எண்ட கதையும் சேர்ந்துகொண்டது. மருந்து வேகமாகப் பரவியது. வைத்தியசாலையில் படுக்காமல் வாராவாரம் வந்து ஏற்றிக்கொண்டு போகிற வழக்கமும் சில இடங்களில் தொடங்கியது. அந்தப் பாவனைக்கு அனுமதி இருக்கவில்லை.

2005இல் பழைய ஆய்வுகளைத் திருப்பிக் கூட்டிப் பார்த்த இரண்டு கட்டுரைகள் வந்தன. சிறுநீரகம் பழுதாகிறதோ, இறப்பும் கூடுகிறதோ எண்ட ஐயத்தை அவை கிளப்பின. உறுதியாகச் சொல்ல யாரிடமும் தரவு இல்லை. ஏனெண்டால் 'நோயாளி பிழைத்தாரா' எண்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போதுமான பெரிய சோதனையே அதுவரை நடத்தப்படவில்லை.

பிறகு அந்தச் சோதனையை நடத்தினார்கள். 7,141 நோயாளிகள், முடிவு 2011இல் வெளிவந்தது. மருந்து ஆளைக் கொல்லவில்லை, சிறுநீரகத்தையும் கெடுக்கவில்லை. ஆனால் இறப்பையோ, திரும்ப வைத்தியசாலைக்கு வருவதையோ குறைக்கவும் இல்லை. மூச்சு கொஞ்சம் இலகுவாகியதாகத் தெரிந்தாலும் அது கணக்கில் நிற்கவில்லை. குருதியமுக்கம் அளவுக்கு மிஞ்சி இறங்குவது மட்டும் கூடியது. பத்து ஆண்டுகள் ஏற்றிய மருந்தைப் பற்றிப் பத்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது.

இதில் ஒரு முரண் இருக்கு. மருந்தாகத் தோற்ற பி.என்.பி. சாட்சியாக வென்றது. மூச்சிழுப்போடு வருகிறவருக்கு இதயச் செயலிழப்பா, வேறு காரணமா எண்டு பிரித்தறிய அதன் அளவைக் குருதியில் பார்க்கும் பரிசோதனை இண்டைக்கு உலகம் முழுக்க இருக்கிறது. மண்மூட்டையோடு வந்தவர்களை எண்ணினாலே கட்டின் நிலைமை விளங்கும். ஆனால் கூட்டத்தைக் கூட்டினால் மட்டும் கட்டு திருந்தாது.

குடலிலிருந்து வந்த விடை

நாடியைக் காக்கிற ஓமோன் கடைசியில் நாடியைத் தேடினவர்களிடமிருந்து வரவில்லை. சீனியைத் தேடினவர்களிடமிருந்து வந்தது.

குளுக்கோசை நாளத்தில் ஏற்றுவதைவிட வாயால் குடிக்கும்போது இன்சுலின் கூடச் சுரக்கும். 1960களில் இது தெளிவாகியது. அப்ப குடலிலிருந்து ஏதோ தூது போகவேணும். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோயல் ஹேபனரின் ஆய்வுகூடம் மீன் ஒன்றின் குளூக்ககன் மரபணுவை வாசித்தபோது, அதே மரபணுவுக்குள் இன்னொரு பெப்தைட்டும் ஒளிந்திருந்தது. 1983இல் மனித மரபணுவிலும் அது தெரிந்தது. ஜி.எல்.பி.-1 எண்டு பெயரிட்டார்கள். ஆனால் முழு நீளச் சங்கிலி பெரிதாக வேலை செய்யவில்லை. முதல் ஆறு அமினோவமிலங்களும் வெட்டுப்பட்ட பிறகு மிஞ்சுகிற துண்டுதான் உண்மையான ஓமோன் எண்டு கணித்து, அதைத் தன் கையால் தொகுத்து, எலியின் சதையியில் அது இன்சுலினைச் சுரக்க வைப்பதை 1987இல் காட்டியவர் சுவெட்லானா மொய்சோவ். அதே ஆண்டு டென்மார்க்கில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்ட் குழுவும் அதே முடிவுக்கு வந்தது.

இங்கேயும் பழைய தடை: ஓமோன் குருதியில் இரண்டு நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும். ஒரு நொதியம் வெட்டிவிடும். வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழ்கிற ஹீலா எண்ட நஞ்சுப் பல்லியின் நஞ்சிலிருந்து, ஜி.எல்.பி.-1ஐப் பாதிக்குமேல் ஒத்த, ஆனால் இலகுவில் வெட்டுப்படாத பெப்தைட்டை 1992இல் ஜோன் எங் பிரித்தெடுத்தார். 2005இல் அது நீரிழிவு மருந்தாக வந்தது. டென்மார்க்கில் லொட்ட பியர நுட்சனின் குழு வேறு வழியில் போனது. ஓமோனில் ஒரு கொழுப்பமிலத்தைக் கொழுவி, குருதியில் இருக்கிற அல்புமின் புரதத்தோடு ஒட்டிப் பயணம் செய்ய வைத்தார்கள். அப்படி வந்தவைதான் நாளுக்கு ஒருமுறை போடுகிற லிராகுளுரைட்டும் கிழமைக்கு ஒருமுறை போடுகிற செமாகுளுரைட்டும்.

இதுவரை இவை சீனி மருந்துகள்தான். நாடி உள்ளே வந்தது ஒரு பயத்தால். 2007இல் ஸ்டீவன் நிசன் எண்ட இதய வைத்தியர், றொசிகிளிற்றசோன் எண்ட வேறொரு சீனி மருந்தின் ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து, மாரடைப்பு அபாயம் 43% கூடுகிறது எண்டு கணக்குக் காட்டினார். அந்தக் கணக்குப் பற்றிய வாதம் பல ஆண்டுகள் இழுபட்டது. ஆனால் கேள்வி நியாயமானது: சீனியின் அளவு இறங்குகிறது, சரி, ஆள் பிழைக்கிறாரா? 2008இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் புது நெறி போட்டது. இனி நீரிழிவு மருந்து கொண்டுவருகிறவர்கள், அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டவில்லை எண்டு காட்டவேணும்.

தீங்கு இல்லை எண்டு நிரூபிக்க நடத்திய சோதனைகளில் நன்மை வெளிவந்தது. 2016இல் லிராகுளுரைட் சோதனை: 9,340 நோயாளிகள், ஏறக்குறைய நாலு ஆண்டுகள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தவர்கள் வெற்றூசி போட்டவர்களில் 14.9%, மருந்து போட்டவர்களில் 13%. 2023இல் செமாகுளுரைட் சோதனையில் இருந்த 17,604 பேரும் ஏற்கெனவே நாடி நோய் உள்ளவர்கள், உடல் எடை கூடினவர்கள், ஆனால் நீரிழிவு இல்லாதவர்கள். அங்கே 8% எண்டது 6.5% ஆனது. 2025இல் கால் நாடி அடைப்பும் நீரிழிவும் உள்ள 792 பேரில் செய்த சோதனையில், ஒரு ஆண்டு முடிவில் மருந்து போட்டவர்கள் 13% கூடத் தூரம் நடந்தார்கள்.

எடை குறைந்ததால்தானே எண்டு கேட்கலாம். அதுவும் ஒரு பங்கு. ஆனால் எடை குறைந்த அளவை மட்டும் வைத்து இந்தப் பயன் முழுவதையும் விளக்க முடியவில்லை. அழற்சியைக் காட்டுகிற குறிகளும் இறங்கின. நாடிச் சுவருக்குள் கொழுப்பு புகுந்து, அதை விழுங்க வந்த வெண்கலங்கள் அங்கேயே தேங்கி, அழற்சி மூண்டு, ஒருநாள் அந்தத் திட்டு வெடித்து, குருதி உறைந்து குழாய் அடைபடுவதுதான் நாடி நோய். அந்தத் தீயைத் தணிப்பதில் இந்த ஓமோனுக்குக் கை இருக்கலாம் எண்டு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் குடும்பம் முழுக்க நல்லது எண்டும் எடுத்துக்கொள்ள ஏலாது. இதே வகையைச் சேர்ந்த லிக்சிசெனரைட்டை 6,068 பேரில் சோதித்து 2015இல் முடிவு வந்தபோது, தீங்கும் இல்லை, நாடிக்குப் பயனும் இல்லை. சீனியை அதுவும் குறைக்கத்தான் செய்தது.

பெயரும் விலையும்

இந்தக் கதையில் எங்களுக்கு உறுத்துகிற இடங்கள் இரண்டு.

முதலாவது, மொய்சோவின் பெயர். யூகோஸ்லாவியாவிலிருந்து அமெரிக்கா போய்ப் படித்த பெண் அவர். அடிப்படையான வேலையைச் செய்தும் தொடக்கத்தில் காப்புரிமைகளில் அவர் பெயர் இருக்கவில்லை. பிறகு போராடித்தான் சேர்த்தார். 2021இல் கனடாவின் கெயிட்னர் விருது இந்த ஓமோனுக்காக மூன்று பேருக்குப் போனபோது அவர் அதில் இல்லை. அவர் பகிரங்கமாகக் கதைக்கத் தொடங்கின பிறகுதான் கதை திருத்தி எழுதப்பட்டது. 2024இல் ஹேபனர், நுட்சன் ஆகியோரோடு அவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் நிற்கிறது. ஆவணம் எல்லாருக்கும் முன்னால் கிடந்தது, வாசித்தவர்கள்தான் குறைவு. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிய சங்கதி இல்லை.

இரண்டாவது, விலை. 8% எண்டது 6.5% ஆனதைத் திருப்பிக் கணக்குப் பாருங்கோ. நூறு பேரில் ஒன்றரைப் பேர். ஒருவருக்கு வரவிருந்த மாரடைப்பையோ பக்கவாதத்தையோ இதயநோய் இறப்பையோ தடுக்க, ஏறக்குறைய 67 பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிழமைக்கிழமை ஊசி போடவேணும். அந்த 67 பேரில் ஒருவராக இருக்கவே பணம் வேணும். 1923இல் இன்சுலின் காப்புரிமையை அதைக் கண்டவர்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். ஜி.எல்.பி.-1இன் கதை அப்படிப் போகவில்லை. அரசாங்க கிளினிக்கில் வரிசையில் நிற்கிற, கால் உளைவோடு வீடு திரும்புகிற ஒருவருக்கு எட்டாத காவலை, காவல் எண்டு எப்படிச் சொல்லுறது?

கடைசியாக ஒரு தகவல். நாடியைக் காக்கும் எண்டு பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட சி.என்.பி., 2021இல் மருந்தாக வந்தது. ஆனால் நாடிக்கு இல்லை. எலும்பு வளர்ச்சி குன்றிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு! சீனிக்காகத் தேடினது நாடிக்குப் போனது, நாடிக்கெண்டு எதிர்பார்த்தது எலும்புக்குப் போனது. உடம்பில் ஒரு பொருள் நல்லது செய்கிறது எண்ட அறிவு தேடலைத் தொடக்கி வைக்கும், முடித்து வைக்காது. இடையில், மருந்து போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருந்து, எத்தனை பேர் உயிரோடு நடமாடுகிறார்கள் எண்டு எண்ணுகிற சலிப்பான வேலை ஒன்று இருக்கு. நெசிரிட்டைட்டுக்கு அந்த வேலையைப் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். இனி யாராவது 'இது உடம்பே செய்கிற பொருள்தானே, இயற்கையானது' எண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், எத்தனை பேரில், எவ்வளவு காலம், எதை எண்ணிப் பார்த்தீர்கள் எண்டு கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு. அப்படிக் கேட்க விஞ்ஞான பீடத்தில் படித்திருக்கத் தேவையில்லை.